“ஆங்கிலம் எனக்கு வராது, விட்டுவிடவா?”

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்த கடிதம். எழுதியவருக்கு 21 வயது. உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம், கலைப்பிரிவு, மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது. கண்டியில் அரச நிறுவனம் ஒன்றில் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்து, இரண்டு சிங்களப் பிள்ளைகளோடு போர்டிங்கில் தங்கிப் படிக்கிறார். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா இல்லை. அண்ணனுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை.

முதல் செமஸ்டர் பெறுபேறு வந்திருக்கிறது. எழுத்துக்கு 52, இலக்கியத்துக்கு 61, மேடைப்பேச்சுக்கு 34. அந்த 34 வந்த கதைதான் கடிதத்தில் பாதி. நான்கு நிமிடப் பேச்சு. ஒரு தாள் நிறைய எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறார். அவை வணக்கமெல்லாம் சொல்லி விஷயத்துக்கு வந்தார். மூன்றாவது வசனத்தில் அடுத்த சொல் வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிங்களத்தில் என்னவோ சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு சிரேஷ்ட மாணவர்கள் கன்டீனில் இவரைக் கண்டால் கூப்பிட்டு நிறுத்தி “ஸ்கூல் சொல்லு, ஸ்டேஷன் சொல்லு” என்கிறார்கள். மூன்று வாரமாக அந்த வகுப்புக்கு இவர் போகவில்லை.

விலகி வா என்கிறார் அண்ணன். கொழும்பில் மூன்று மாத ஸ்போக்கன் இங்லிஷ் வகுப்பு இருக்கிறதாம், 85,000 ரூபாய், முடிந்ததும் வேலையும் எடுத்துத் தருவார்களாம். அம்மா “ஒன் இஷ்டம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். இந்த மகள் கேட்பது மூன்று: தமிழில் படித்த எனக்கு ஆங்கிலம் வருமா? பேசத் தெரிந்தால் போதும் என்கிறபோது இலக்கியம் எதற்கு? அண்ணன் சொல்வதைக் கேட்கவா? கூடவே, வகுப்பில் அம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கக் கட்டுரையையும் வைத்திருக்கிறார்.

அன்பு மகளுக்கு,

கடிதத்துக்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தைத்தான் படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவளுக்கு அது பழக்கதோஷம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்ட முடிவு: இப்போது விலக வேண்டாம். இரண்டாம் செமஸ்டர் பெறுபேறு வரும் வரைக்காவது இருங்கள். ஏன் என்று கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள். அம்மா சொன்ன மாதிரி அது உங்கள் இஷ்டம்தான்.

புரியாமல் போனது எந்த மொழி?

உங்கள் கடிதத்தில் ஒரு இடம். “சேர் ஆங்கிலத்தில் தொடங்கி, கஷ்டமான இடம் வந்ததும் சிங்களத்தில் விளக்குவார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் மட்டும் முழிப்பேன். அப்போதே தெரிந்துவிட்டது, ஆங்கிலம் எனக்கு வராது என்று.” இதை நீங்களே இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். சேர் ஆங்கிலத்தில் பேசும்வரை நீங்களும் கூட வந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். சிங்களத்துக்கு மாறும் இடத்தில் கை நழுவுகிறது. உங்களுக்குப் புரியாமல் போனது சிங்களம். பழியை ஆங்கிலத்தின் தலையில் போட்டிருக்கிறீர்கள்.

மலையகத்திலிருந்து கண்டிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. வகுப்பில் பெரும்பான்மை சிங்களப் பிள்ளைகள் என்றால் விரிவுரையாளருக்கு நாக்கு தன்னால் அந்தப் பக்கம் போய்விடும். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் உங்கள் பாடநெறியின் மொழிமூலம் ஆங்கிலம். அதை ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வகுப்பு நடுவில் எழும்பிக் கேட்கத் தேவையில்லை. வகுப்பு முடிந்ததும் போய், “சேர், சிங்களத்தில் சொன்ன பகுதியை நான் தவறவிட்டுவிட்டேன், ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்ல முடியுமா” என்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள். அந்தக் கேள்வியை மட்டும் வேண்டுமானால் மனப்பாடம் செய்துகொள்ளலாம். இரண்டு மூன்று தடவை கேட்டால் அவரே அடுத்த வகுப்பில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்வார். அப்படியும் மாறாவிட்டால் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

சிங்களத்தையும் விட்டுவிடாதீர்கள். போர்டிங்கில் இரண்டு பேர் கூட இருக்கிறார்களே, இதைவிட மலிவான வகுப்பு எங்கே கிடைக்கும்? நாளைக்கு ஒரு அரை மணி நேரம், நீங்கள் அவர்களுக்குத் தமிழ், அவர்கள் உங்களுக்குச் சிங்களம். இந்த நாட்டில் மூன்று மொழியும் எழுதப் பேசத் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை எப்போதும் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அந்த வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும்.

அந்த நான்கு நிமிடம்

“எனக்கு மேடைக் கூச்சம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், நான்கு பந்தி தள்ளி, பாடசாலைக் காலத்தில் தமிழ்த்தினப் போட்டியில் பேச்சில் வலய மட்டத்தில் இரண்டாம் இடம் வந்ததாகவும் இருக்கிறது. போகிற போக்கில் ஒரு வரி. மேடைக் கூச்சம் உள்ள பிள்ளை வலய மட்டம் வரைக்கும் போய் இரண்டாம் இடம் வாங்காது, மகள். வேறு என்னவோ நடந்திருக்கிறது.

நான் நினைப்பது இது. தமிழ் மேடைக்குப் பழகின முறையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனீர்கள். நம்முடைய பேச்சுப் போட்டிகளில் முதலில் அவை வணக்கம், நடுவர்களுக்கு வணக்கம், தமிழ்த்தாய்க்கு வணக்கம், பிறகு எதுகை மோனையோடு ஒரு எடுப்பு. நானும் அப்படிப் பேசி வளர்ந்தவள்தான். அதன் அழகே தனி. ஆங்கிலப் பேச்சுக்குப் புள்ளி போடுகிறவர் வேறு ஒன்றைத் தேடுகிறார்: முதல் இருபது விநாடியில் விஷயம் வந்துவிட்டதா, ஒரு உதாரணமாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்ததா, நேரத்துக்குள் முடித்தாரா. நீங்கள் நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடத்தை வணக்கத்துக்கே கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்தது மனப்பாடம். தமிழில் ஒரு சொல் மறந்தால் இன்னொரு சொல் ஓடி வந்து கைகொடுக்கும், சபைக்குத் தெரியவே தெரியாது. ஆங்கிலத்தில் அந்தக் கையிருப்பு இன்னும் உங்களிடம் சேரவில்லை. மனப்பாடம் செய்த வசனத்தில் ஒரு சொல் விழுந்தால் சங்கிலி முழுக்க அறுந்துபோகும். ஆகவே அடுத்த தடவை தாள் வேண்டாம். முதல் வசனமும் கடைசி வசனமும் மட்டும் நெஞ்சில் இருக்கட்டும். நடுவுக்கு ஒரு சின்ன அட்டையில் மூன்றே மூன்று சொல் எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் பார்த்ததும் ஒரு நிமிடம் பேசத் தெரிந்தால் போதும். சொல் வராத இடத்தில் “ஆ… ம்…” என்று இழுக்காமல் வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுங்கள். மேடைப்பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்களில் கூட்டத்துக்குக் கூட்டம் இந்த “ஆ”, “ம்” எத்தனை என்று எண்ணுவதற்கே ஒரு ஆளைப் போடுவார்கள். நிறுத்தத்தை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை.

பிறகு உச்சரிப்பு. “ஸ்கூல்” என்று சொல்லச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்றால், நீங்கள் “இஸ்கூல்” என்று தொடங்கியிருப்பீர்கள். பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. நம் நாக்கு மெய்யெழுத்தில் தொடங்கக் கூசும், முன்னால் ஒரு இகரத்தைத் துணைக்குக் கூப்பிடும். முதலில் பாம்பு மாதிரி “ஸ்ஸ்ஸ்” என்று நீட்டி, அப்படியே “கூல்” என்று முடியுங்கள். இரண்டு வாரத்தில் போய்விடும். அதைவிட முக்கியம் இரண்டு விஷயம். ஒன்று, சொல்லின் கடைசி ஒலி. முதுகுக்கும் பைக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே “பேக்”தான். ஆங்கிலக் காதுக்கு அவை இரண்டு சொல். இன்னொன்று அழுத்தம். தமிழில் எந்த அசையையும் நாம் பெரிதாக அழுத்துவதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் மாறினால் கேட்கிறவருக்குச் சொல்லே பிடிபடாது. ஹோட்டல் என்பதில் அழுத்தம் இரண்டாவது அசையில். டெவலப், கமிட்டி இரண்டிலும் அப்படித்தான். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபி என்றதும் அது இரண்டாவதுக்கு நகர்ந்துவிடும். போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து, அகராதிச் செயலியில் வரும் குரலோடு வைத்துக் கேளுங்கள். வெள்ளைக்காரர் மாதிரிப் பேசப் பழக வேண்டியதில்லை, அது நமக்குப் பொருந்தவும் பொருந்தாது. கேட்கிறவருக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தால் சரி.

சிரித்தவர்களைப் பற்றி

பல்கலைக்கழகத்துச் சிங்களப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் “கடுவ”. வாள் என்று அர்த்தம். சிங்கள மொழிமூலம் வந்த பிள்ளைகள் ஓகார ஒலிகளில் தடுமாறினால் அவர்களை “நொட் பொட்” என்று கேலி செய்ய இன்னொரு கூட்டம் இருக்கும். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப்பேர், தங்கள் முறை வரும்போது யார் சிரிப்பார்களோ என்று பயந்தவர்கள்தான். என் முதல் வருஷத்தில் ராணுவ அதிகாரி ஒருவர் வரும் கதையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். “கர்னல்” என்று வாசிக்க வேண்டியதை எழுத்தைப் பார்த்து “கொலோனல்” என்று கணீரென்று வாசித்தேன். மூன்று வருஷம் என் பெயரே அதுதான். இப்போதும் பழைய சிநேகிதி ஒருத்தி போன் எடுத்தால் “என்ன கொலோனல்” என்றுதான் தொடங்குவாள்.

வகுப்பில் ஒரு தடவை சிரித்தது வேறு. கன்டீனில் நாள்தோறும் மறித்து நிறுத்துவது வேறு. இரண்டாவது பகிடிவதை. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வேறு வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உடம்பில் கை வைப்பதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. மனவேதனையையும் பயத்தையும் உண்டாக்குவதையும் சேர்த்தே சொல்கிறது. சிறைத்தண்டனை வரைக்கும் போகும். உடனே பொலிஸுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, யார், என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாணவர் விவகாரத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் அதைக் காட்டிப் பேசுங்கள், பிறகு எழுத்தில் ஒரு பிரதியும் கொடுங்கள். ஒரு ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: முறைப்பாடு கொடுத்த பிறகு சில நாளைக்கு முறைப்பு கூடலாம். அந்த நாட்களில் தனியாகக் கன்டீனுக்குப் போகாதீர்கள். போர்டிங் பிள்ளைகள் கூட வருவார்களா என்று கேட்டுப்பாருங்கள்.

வகுப்புக்குப் போகாமல் இருப்பதை மட்டும் நாளைக்கே நிறுத்துங்கள். அரச நிறுவனங்களில் பொதுவாக 80 சதவீத வரவு கேட்பார்கள்; அது குறைந்தால் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். கையேட்டை எடுத்து உங்கள் பாடநெறிக்கு எவ்வளவு, தவறிய பாடத்தை மீண்டும் எப்போது எழுதலாம் என்று பாருங்கள். 34 ஒரு பாடத்தில் விழுந்த புள்ளி. அதற்காக டிப்ளோமாவையே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

இலக்கியம் எதற்கு?

உங்கள் மூன்று புள்ளியில் மிகக் கூடியது எது என்று கவனித்தீர்களா? வேண்டாம் என்று சொல்கிற பாடத்தில்தான் 61 வாங்கியிருக்கிறீர்கள். “பனியும் தேவாலயமும் பிரபுக்களும் வரும் கதை, எனக்கு அந்த உலகம் தெரியாது” என்கிறீர்கள். ஆனால் வேலை தருகிறவனின் வீட்டில் குடியிருப்பது, வேலை போனால் கூரையும் போகும் என்று பயப்படுவது, மேட்டில் பங்களாவும் பள்ளத்தில் வரிசை வீடும்: இதையெல்லாம் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் விளக்க வேண்டும்? 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் பாதி இந்தச் சங்கதிதான். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 12 வயதில் சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையில் போத்தலுக்கு லேபிள் ஒட்டினவர். 1824இல் அவர் அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்தார். கடைக் கடனுக்குப் பயந்து சம்பள நாளை எண்ணும் வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு அவர் அவ்வளவு தூரத்து ஆள் இல்லை.

பக்கத்திலேயே ஒருவர் இருந்தார், தெரியுமா? சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 பாராளுமன்றத்தில் உங்கள் தலவாக்கலையின் உறுப்பினர். மலையக மக்களின் பாடுகளை ஆங்கிலத்திலேயே கவிதையாக எழுதினார். கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் அவருக்கு அந்தப் படிப்பு கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிப்பவரின் மகளுக்கு அந்தக் காலத்தில் அது எட்டாத விஷயம். நீங்கள் இப்போது அதே மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி உங்கள் கட்டுரை. முதல் வசனம்: “மை மதர் இஸ் பிளக்கிங் டீ சின்ஸ் ட்வென்டி இயர்ஸ்.” இருபது வருஷமாக என்று தமிழில் நினைத்து எழுதியிருக்கிறீர்கள். தொடங்கிய புள்ளியைச் சொன்னால்தான் “சின்ஸ்”, அதாவது இன்ன ஆண்டிலிருந்து. நீளத்தைச் சொன்னால் “ஃபோர்”. அன்று தொடங்கி இன்றும் நடப்பதால் வினை “ஹாஸ் பீன் பிளக்கிங்”. இந்த ஒரு பிழை பக்கத்தில் ஏழு இடத்தில் வருகிறது. பார்வைக்கு ஏழு பிழை, திருத்த வேண்டியது ஒன்று.

நிறை குறைந்த நாளுக்குப் பாதிச் சம்பளமாகப் பதியும் அரைப்பேர் என்பதை அகராதியில் தேடி “ஹாஃப் சேலரி” என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். “ஹாஃப் நேம்” என்றே எழுதுங்கள். அடுத்த வசனத்தில் தராசு, குறைந்துபோன இரண்டு கிலோ, செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் கணக்குப்பிள்ளை போடும் அரைக்கோடு, அவ்வளவையும் காட்டிவிட்டால் லண்டனில் இருப்பவருக்கும் புரியும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் உள்ள பெரட்டு “பரேட்” என்ற ஆங்கிலச் சொல்லின் பேரன். லயம் “லைன்” என்பதிலிருந்து வந்தது. உங்கள் அம்மாவும் பாட்டியும் இத்தனை வருஷமாக ஆங்கிலத்தை மென்று தமிழாக்கிப் பேசியிருக்கிறார்கள். நீங்கள் அதை வந்த வழியே திருப்பி அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தின் கடைசியில், மலையிலிருந்து வந்த அம்மா உங்கள் கொப்பியைத் தொடுவதற்கு முன்னால் விரல் கறையை எலுமிச்சந்தோலால் தேய்ப்பதை எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு எழுத்துகூடத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. அப்படி எழுதும் கண் உங்களுக்கு வாசிப்பிலிருந்து வந்தது. மூன்று மாதப் பேச்சு வகுப்பில் அதைத் தரமாட்டார்கள்.

85,000 ரூபாயும் வேலையும்

அண்ணன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அவரோடு சண்டை வேண்டாம், சில கேள்விகளை மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கிறதா? இலக்கம் என்ன? வேலை எடுத்துத் தருவோம் என்பதை எழுத்தில் தருவார்களா? நடுவில் நின்றால் பணம் திரும்ப வருமா? இதற்குப் பதில் இழுத்தடித்தால் விஷயம் விளங்கிவிடும். பேச்சுப் பயிற்சி கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அதன் சான்றிதழை வைத்து ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

உங்கள் பக்கத்திலும் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. “டிப்ளோமா முடித்தால் எப்படியும் ஆங்கில டீச்சர்” என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். இந்த டிப்ளோமாகாரர்களை அரசாங்கம் ஆங்கில ஆசிரியர்களாகப் பல தடவை எடுத்திருக்கிறது, தோட்டப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியருக்குத் தட்டுப்பாடும் உண்டு. என்றாலும் நியமனம் என்பது வர்த்தமானி அறிவித்தல் வரும்போதுதான். வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த இடைவெளியில் நுவரெலியா, எல்ல பக்கத்து ஹோட்டல்கள், மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவனங்கள் என்று வேலை தேட வேண்டிவரும். மேலே படிக்க ஆசை இருந்தால் திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த கலைமாணிப் பட்டம் இருக்கிறது. கண்டி நிலையம் பொல்கொல்லையில், வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆசிரியர் தொழில்தான் என்று உறுதியாக இருந்தால் தேசிய கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தையும் பாருங்கள்: இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருஷம் பாடசாலையில் பயிற்சி. அதற்கு வயதெல்லையும் எந்த ஆண்டு உயர்தரம் என்ற நிபந்தனையும் இருக்கும். ஒரு அறிவித்தலைத் தவறவிட்டால் அடுத்தது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அங்கே இடம் கிடைத்த கடிதம் கையில் வந்த பிறகு இங்கே விலகலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

அந்த 85,000 ரூபாயை அண்ணன் கடன் வாங்கித்தான் கட்டப்போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே போன் எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

அப்புறம், மறுபடி பேச்சு வைக்கும்போது தலைப்பை நீங்களே தெரிவு செய்ய விட்டால், அட்டையில் எழுத மூன்று சொல் உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது: பெரட்டு, அரைப்பேர், எலுமிச்சந்தோல்.